கண்ணிமைப்பதற்குள் நடந்து முடிகிற தாக்கங்கள்

உயர்தர வகுப்பில் தாக்கவீதம் (ஓர் இரசாயனத் தாக்கம் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்ற பாடம்) படிப்பிக்கத் தொடங்கினால், எந்தப் பள்ளிக்கூடமாக இருந்தாலும் முதலில் வருவது அந்தப் புள்ளடிச் செய்முறைதான். வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் ஒரு புள்ளடி. அதன்மேல் முகவை. உள்ளே சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல். நைத்திரிக் அமிலத்தை ஊற்றினதும் ஒரு பிள்ளை நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தும். கந்தகம் மெல்ல மெல்லக் கலங்கி வரும். மேலேயிருந்து பார்க்கிற பிள்ளை "மறைஞ்சிட்டு!" என்று கத்தினால் நேரத்தைக் குறித்துக்கொள்வோம். செறிவை மாற்றுவோம், திரும்பச் செய்வோம், வரைபு கீறுவோம்.

நல்ல செய்முறை. குறை சொல்ல வரவில்லை. ஆனால் வருடக்கணக்காக இதைச் செய்வித்துப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது: பிள்ளைகள் தாக்கங்களை இரண்டு சாதியாகப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள். வீதம் உள்ள தாக்கங்கள் ஒன்று, "உடனடி"த் தாக்கங்கள் மற்றது. அமிலமும் காரமும் சேர்வது உடனடி. வெள்ளி நைத்திரேற்றில் குளோரைட்டு விழுந்தால் வெள்ளை வீழ்படிவு வருவது உடனடி. இவற்றுக்கும் ஒரு வீதம் இருக்கிறது, நமது கண்ணும் கையும்தான் மந்தம் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். நம்புவதில்லை.

அதனால் கணக்காகவே போட்டுக் காட்டுவேன். ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் சேர்ந்து நீராகும் தாக்கத்தின் வீத மாறிலி (தாக்கம் எவ்வளவு விரைவானது என்று சொல்லும் எண்), 25 பாகை செல்சியஸில், சுமார் 1.4 × 10^11 லீற்றர் மோல்^-1 செக்கன்^-1. இரண்டும் லீற்றருக்கு 0.1 மோல் செறிவில் இருந்து, முழுதாகக் கலந்தும் விட்டன என்று எடுத்தால், அரைவாசி தீர்வதற்கு ஏறத்தாழ 70 பிக்கோ செக்கன் போதும். ஒரு செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோ செக்கன். காரமும் நிறங்காட்டியும் உள்ள குடுவைக்குள் அமிலத்தைத் துளித்துளியாக விடுகிற நியமிப்பில், அளவியிலிருந்து ஒரு துளி விழுகிறது, குடுவையை ஒரு சுற்றுச் சுற்றுகிறோம், இளஞ்சிவப்பு மறைகிறது. அதற்கு ஒரு செக்கனாவது எடுத்திருக்கும். அந்த ஒரு செக்கனில் தாக்கத்துக்குப் போன நேரம் ஒன்றுமேயில்லை. முழுதும் நாம் கலக்குவதற்கு எடுத்த நேரம்.

வேகமான தாக்கங்களை அளக்கப் போன எல்லாரும் முட்டிக்கொண்ட சுவர் இதுதான். கடிகாரம் போதாமல் போனது பிறகு. அதற்கு முன்னமே கலக்குகிற கை போதாமல் போய்விடுகிறது.

1923இல் கேம்பிரிட்ஜில் ஹார்ட்ரிட்ஜ், ரஃப்டன் என்ற இருவர் இந்தச் சுவரைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டார்கள். ஈமோகுளோபினுடன் ஒட்சிசன் எவ்வளவு விரைவில் சேர்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. இரண்டு கரைசல்களையும் வேகமாக ஒரு சின்னக் கலவை அறைக்குள் பீச்சி, கலந்ததை ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக ஓடவிட்டார்கள். குழாயின் ஓரிடத்தில் நிறமாலைகாட்டியை வைத்து நிறம் பார்த்தார்கள். பிறகு அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

இதில் என்ன பெரிய வித்தை என்று முதலில் எனக்கும் தோன்றியது. வகுப்பில் விளங்கப்படுத்த நான் பிடித்த உதாரணம் இது. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இருந்து கல்முனைக்கு நிமிடத்துக்கு ஒரு பஸ், எல்லாம் ஒரே வேகத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். (நடக்கிற காரியமில்லை, சும்மா வைத்துக்கொள்ளுங்கள்.) ஏறுகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு கச்சான் சரை. பஸ் எடுத்த உடனேயே எல்லாரும் கொறிக்கத் தொடங்குகிறார்கள். நீங்கள் காத்தான்குடியில் நின்று பார்த்தால் எந்த பஸ் வந்தாலும் சரை முக்கால்வாசி நிறைந்திருக்கும். ஆரையம்பதியில் அரைவாசி. களுவாஞ்சிகுடியில் வெறும் கோது. ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடத் தேவையில்லை. களுவாஞ்சிகுடிச் சந்தியில் ஒரு கதிரையைப் போட்டுப் பின்னேரம் வரை ஆறுதலாக இருந்து பார்க்கலாம். வருகிற பஸ் புதிது புதிதாக இருந்தாலும், பார்க்கிற காட்சி எப்போதும் புறப்பட்டு இத்தனை நிமிடத்துக்குப் பிறகான அதே காட்சிதான்.

ஓட்டம் செக்கனுக்கு ஒரு மீற்றர் என்றால், கலந்த இடத்தில் இருந்து ஒரு மில்லிமீற்றர் தள்ளிப் பார்ப்பது ஒரு மில்லி செக்கனுக்குப் பிறகு பார்ப்பது. நூறில் ஒரு மில்லிமீற்றர் தள்ளினால் பத்து மைக்ரோ செக்கன். நேரத்தை அளக்க வேண்டிய இடத்தில் தூரத்தை அளக்கிறோம். கருவி எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த முறைக்கு இருந்த பெரிய தொல்லை செலவு. கரைசல் லீற்றர் கணக்கில் ஓடித் தீரும். குருதியில் இருந்து பிரித்தெடுத்த புரதத்தை லீற்றர் கணக்கில் வடிகாலில் ஊற்ற யாருக்கு மனம் வரும்? 1940இல் பிரிட்டன் சான்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் திருத்தி, கொஞ்சக் கரைசலைப் பாய்ச்சிச் சட்டென்று நிறுத்தி, நின்ற இடத்திலேயே அளக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இன்றும் உயிரிரசாயன ஆய்வுகூடங்களில் வேலை செய்வது அதன் பேரப்பிள்ளைகள்தான். ஆனால் ஏறத்தாழ ஒரு மில்லி செக்கனுக்குக் கீழே அதற்கும் கண் தெரியாது.

ரஃப்டன் பற்றி இன்னொன்று சொல்லாமல் போக முடியாது. நீரில் கரைந்த காபனீரொட்சைட்டு தானாக நீருடன் தாக்கம் புரிவது ஆச்சரியமான அளவு மந்தம். 25 பாகையில் அரைவாசி மாற 19 செக்கன் அளவில் எடுக்கும். குருதி நுரையீரல் மயிர்த்துளைக் குழாய்க்குள் நிற்பதோ ஒரு செக்கனுக்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தானாக நடக்கிற தாக்கத்தை நம்பி நம்மால் மூச்சுவிட முடியாது. குருதியில் இதை விரைவுபடுத்தும் ஏதோ ஒன்று இருந்தே ஆகவேண்டும். மெல்ட்ரமும் ரஃப்டனும் 1933இல் வெளியிட்ட காபனிக் அன்ஐதரேசு நொதியம் அதுதான். அதன் வேகமான வகையில், ஒரு நொதிய மூலக்கூறு செக்கனுக்குப் பத்து இலட்சம் அளவில் காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளை மாற்றிவிடும். தாக்கவீதம் என்பது பரீட்சைக்கு வரைபு கீறும் அலுவல் மட்டுமே என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிற கதை இது.

சரி, இப்போதைய காலத்துக்கு வருவோம். என்னிடம் படித்து, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் முடித்து, இப்போது ஐரோப்பாவில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிற ஒருவன், போன ஆடியில் மாமாங்கத் தீர்த்தத்துக்கு வந்திருந்தான். வீட்டுக்கு வந்தவன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பத்து ரூபா நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய, கண்ணாடி மாதிரி இரண்டு தட்டுகள். நடுவில் மயிர்க்கோடு போல ஒரு வாய்க்கால்.

"இதுக்குள்ள தாக்கம் நடக்குது சேர். நாங்க செங்கீழ்க் கதிரால பார்க்கிறம்."

"கண்ணாடிக்குள்ளால செங்கீழ்க் கதிர் எப்பிடி மனே போகும்?"

"கண்ணாடி இல்ல சேர். கல்சியம் புளோரைட்டு."

அந்த ஒரு பதிலில் பாதிக் கதை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரால் (infrared) பார்ப்பதன் இலாபம், சாயம் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. மூலக்கூறில் உள்ள ஒவ்வொரு பிணைப்பும் தனக்குரிய மீடிறனில் அதிர்கிறது. அந்த மீடிறனுள்ள கதிரை உறிஞ்சுகிறது. நீர்க்கரைசலில் அசற்றிக் அமிலத்தின் காபனைல் பிணைப்பு 1710 செ.மீ^-1 (ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை அலை அடங்கும் என்ற கணக்கு) பக்கம் உறிஞ்சும். புரோத்தன் கழன்று அசற்றேற்று அயனானால் அந்த உச்சி இறங்கி 1550 பக்கம் புதிதாக ஒன்று எழும். கரைந்த காபனீரொட்சைட்டு 2343இல் நிற்கும். புரதத்தின் முதுகெலும்புப் பிணைப்புகள் 1600க்கும் 1700க்கும் இடையில். புரதம் மடிந்திருக்கிறதா, அவிழ்ந்திருக்கிறதா என்பதற்கேற்ப உச்சி இடம் மாறும். எது அழிகிறது, எது பிறக்கிறது, நடுவில் யார் வந்துபோனார்கள் எல்லாம் ஒரே நிறமாலையில் தெரியும். நிறம் மாறுகிறதா என்று மட்டும் பார்க்கிறவருக்கு இவ்வளவு கிடைக்காது.

தொல்லை என்னவென்றால் நீரே ஒரு பெரிய உறிஞ்சி. நீர் மூலக்கூறின் வளைவு அதிர்வு 1640 பக்கம், சரியாகப் புரத உச்சியின் தலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பத்து மைக்ரோமீற்றர் தடிப்பான நீர்ப்படலத்தின் ஊடாகவே அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு ஒளிகூட மறுபக்கம் வராது. ஒரு ஏ4 தாளின் தடிப்பு நூறு மைக்ரோமீற்றர் அளவு. அதில் பத்தில் ஒன்று. ஆகவே வாய்க்காலின் ஆழம் அதற்குள் இருக்கவேண்டும். அல்லது சாதாரண நீருக்குப் பதில் பார நீர் எடுக்கவேண்டும். ஐதரசனுக்குப் பதில் டியூற்றீரியம் வந்தால் அணு கனம், அதிர்வு மந்தம். உச்சி 1210 பக்கம் இறங்கிப்போய் வழிவிடும். ஐம்பது மைக்ரோமீற்றர் ஆழம் வரை போகலாம். காசு கூடத்தான்.

ஜன்னல் தட்டுக்கும் இதே கதை. சாதாரணக் கண்ணாடி இந்தப் பகுதியில் சுவர் மாதிரி. கறியுப்புத் தட்டு செங்கீழ்க் கதிரை நன்றாகவே விடும், ஆனால் நீர் பட்டால் கரைந்துவிடும். கல்சியம் புளோரைட்டு கதிரையும் விடும், நீருக்கும் தாங்கும். அதனால்தான் அந்த விலைகூடிய தட்டுகள்.

இனிக் கலக்குகிற பாடு. சின்ன வாய்க்காலுக்குள் நீர் சுழித்து ஓடாது. நூறு மைக்ரோமீற்றர் வாய்க்காலில் செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகிற நீரின் ரெனோல்ட்ஸ் எண் (ஓட்டம் சுழிக்குமா, சீராகப் போகுமா என்று சொல்லும் எண்) ஏறத்தாழ 1. சுழிப்புத் தொடங்க ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆகவே முழுதும் அருவிக்கோட்டுப் பாய்ச்சல். இரண்டு கரைசல்களை அருகருகே விட்டால் இரண்டும் தங்கள் பாட்டில் அருகருகே ஓடிக்கொண்டே இருக்கும். வாவியின் முகத்துவாரம் வெட்டின பிறகு கலங்கல் வெள்ளமும் கடல்நீரும் கொஞ்சத் தூரம் கோடு பிரித்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் காட்சி விளங்கும். ஆனால் அங்கே அலை அடித்துக் கலக்கிவிடும், இங்கே அலையும் இல்லை. மூலக்கூறுகள் தாமாக அசைந்து அசைந்து கலக்கிற பரவல் ஒன்றுதான் கதி.

பரவலுக்கு ஒரு குணம் உண்டு: தூரம் பத்து மடங்கு குறைந்தால் நேரம் நூறு மடங்கு குறையும். சின்ன மூலக்கூறு ஒன்று நீரில் ஐம்பது மைக்ரோமீற்றர் பரவ ஒரு செக்கனுக்கு மேல் எடுக்கும். செக்கனுக்கு ஒரு மீற்றர் ஓடுகிற வாய்க்காலில் அதற்குள் கரைசல் ஒரு மீற்றரைத் தாண்டிப் போய்விடும். நாணய அளவுத் தட்டில் அதற்கு எங்கே இடம்? அதே மூலக்கூறு ஒரு மைக்ரோமீற்றர் பரவ அரை மில்லி செக்கன் போதும். அது அரை மில்லிமீற்றர் தூரத்துக்குள் முடிந்துவிடும்.

அப்படியென்றால் நடுவில் ஓடுகிற கரைசலை மெல்லிய நாடாவாக்க வேண்டும். அதற்கு வழி, நடுவில் ஒரு வாய், இரண்டு பக்கமும் இரண்டு வாய். பக்க ஓட்டங்களை வேகமாக விட்டால் அவை நடு ஓட்டத்தை இரண்டு புறமும் நெரித்துப் பிழிந்துவிடும். 1998இல் நைட், ஒஸ்ரின் முதலானவர்கள் சிலிக்கன் சில்லில் இதைச் செய்து, நடு ஓட்டத்தை ஐம்பது நனோமீற்றர் வரை ஒடுக்கி, பத்து மைக்ரோ செக்கனுக்குள் கலக்கிக் காட்டினார்கள். 2002இல் வேறொரு குழு வாய்க்காலின் அடியில் மீன்முள் வடிவத் தவாளிப்புகள் செதுக்கி, கரைசலை மடித்து மடித்துக் கலக்கிற உபாயம் செய்தது.

இங்கேதான் எனக்கு இந்த விடயம் பிடித்துப்போனது. நாடா மெலிய மெலியக் கலப்பு விரைவு. ஆனால் மெலிய மெலியச் செங்கீழ்க் கதிருக்குப் பார்க்கப் பொருளே இல்லை. அதோடு 1650 செ.மீ^-1 என்றால் அலைநீளம் ஆறு மைக்ரோமீற்றர். அலைநீளத்தை விட மிகச் சின்ன இடத்தில் ஒளியைக் குவிக்க முடியாது. ஐம்பது நனோமீற்றர் நாடா இந்தக் கதிருக்கு இருப்பதாகவே தெரியாது. ஒளிரும் சாயம் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கவலை இவ்வளவு இல்லை. சாயம் வேண்டாம், பிணைப்பையே பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறவர், நாடாவைக் கொஞ்சம் தடிக்க விட்டு, கலப்பு நேரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அதிபிரகாசமான ஒளிமூலத்தைத் தேடிப் போகவேண்டும். சிங்குரோத்திரன் என்ற பெரிய துகள் முடுக்கி தருகிற ஒளியைக் கொண்டு செய்கிறார்கள். 1994இல் பெல் ஆய்வுகூடத்தில் முதன்முதல் ஒளிர்ந்த, செங்கீழ்க் கதிர் தருகிற குவாண்டம் அடுக்கு லேசரைக் கொண்டும் செய்கிறார்கள்.

இலாபக் கணக்கையும் பார்க்கவேண்டும். நூறு மைக்ரோமீற்றர் அகலம், பத்து மைக்ரோமீற்றர் ஆழம், செக்கனுக்கு ஒரு மீற்றர் என்றால், ஒரு மணித்தியாலம் முழுக்க ஓடினாலும் நாலு மில்லிலீற்றர் முடியாது. ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் கேட்டால் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். சிரித்தான். "பாதி நாள் குமிழோட சண்டை சேர்." ஒரு காற்றுக் குமிழ் வாய்க்காலுக்குள் வந்து குந்திவிட்டால் ஓட்டம் திசைமாறும், அன்று எடுத்த அளவு எல்லாம் வீண். தூசு அடைக்கும். இரண்டு தட்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருப்பதால் ஒளி உள்ளே முன்னும் பின்னும் தெறித்து நிறமாலை முழுக்க அலை அலையாகக் கோடு போடும். இன்னொன்று, வாய்க்காலின் நடுவில் நீர் வேகம், சுவரோரம் மந்தம்; ஒரே இடத்தில் பார்த்தாலும் சில மூலக்கூறுகளுக்கு வயது கூட, சிலவற்றுக்குக் குறைவு. எண்ணெய்க்குள் துளித் துளியாகக் கரைசலை விட்டு, ஒவ்வொரு துளியையும் தனிப் பாத்திரமாக்கி இதைச் சமாளிக்கிறார்கள்.

நமது ஊரில் இதைச் செய்யலாமா என்று கேட்டால் முதல் எதிரி மாரிகாலம். பெரும்பாலான செங்கீழ்க் கதிர் நிறமாலைமானிகளில் ஒளியை இரண்டாகப் பிரிக்கிற தட்டு பொற்றாசியம் புரோமைட்டால் ஆனது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து மங்கிப்போகும். கார்த்திகை மார்கழியில் மட்டக்களப்புக் காற்றைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அதோடு நீராவியின் கூரிய கோடுகள் புரத உச்சியின் இடத்திலேயே வந்து விழும். உலர்ந்த காற்றோ நைதரசனோ இடைவிடாமல் ஊதிக்கொண்டிருக்கவேண்டும். மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். செய்யவே முடியாது என்று சொல்லவில்லை. ஈரத்துக்குத் தாங்குகிற சிங்கு செலினைட்டுத் தட்டு இருக்கிறது. கருவி வாங்குகிற பத்திரத்தில் இந்த ஒரு வரியைக் கவனிக்க ஆள் வேண்டும், அவ்வளவே.

பள்ளிக்கூடத்தில் செங்கீழ்க் கதிர் கிடையாது. ஆனால் தூரத்தை நேரமாக்குகிற வித்தையைக் காட்டலாம். நாங்கள் செய்தது இதுதான். நுணுக்குக்காட்டி வழுக்கியின் மேல் இருபக்கமும் ஒட்டும் ரேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டி, பிளேட்டால் ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் ‘ஒய்’ வடிவ வாய்க்கால் வெட்டினோம். மேலே மெல்லிய பிளாஸ்ரிக் தாள், அதில் ஊசித் துளைகள். இரண்டு சேலைன் செற்றை யன்னல் கம்பியில் ஒரே உயரத்தில் கொழுவினால் ஓட்டம் சீராக வரும். கையால் சிரிஞ்சைத் தள்ளினால் துடிக்கும். ஒன்றில் ஐதான சோடியம் ஐதரொட்சைட்டும் பினோத்தலீனும். மற்றதில் அதைவிடக் கொஞ்சம் கூடிய செறிவில் ஐதரோகுளோரிக் அமிலம். வழக்கமாகப் போடுகிற இரண்டு துளி பினோத்தலீன் போதாது. இவ்வளவு மெல்லிய படலத்தில் நிறமே தெரியாது, தாராளமாக விடவேண்டும்.

வாய்க்கால் தொடக்கத்தில் பாதி இளஞ்சிவப்பு, பாதி நிறமில்லை. நடுவில் கோடு கீறினது போல ஓர் எல்லை. போகப் போக இளஞ்சிவப்பு ஒடுங்கிக்கொண்டே போகும். சேலைன் உருளையைக் கொஞ்சம் இறுக்கி ஓட்டத்தை மந்தமாக்கினால் இளஞ்சிவப்பு முடிகிற இடம் பின்னுக்கு வரும். தளர்த்தினால் முன்னுக்கு ஓடும். உடனடித் தாக்கம் என்று பிள்ளைகள் சொன்ன அதே அமில காரத் தாக்கம், கண் முன்னால் சென்ரிமீற்றர் கணக்கில் நீண்டு கிடக்கிறது. "அப்ப சேர், நாங்க இங்க பார்க்கிறது தாக்கத்தின் வீதமா, பரவலின் வீதமா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பரவல்தான் என்றேன். அந்தக் கேள்வி வந்ததே எனக்குப் போதும்.

அமில காரத் தாக்கத்தின் சொந்த வீதத்தை எந்த வாய்க்காலாலும் பிடிக்க முடியாது. அதைப் பிடிக்க, ஜேர்மன் இரசாயனவியலாளர் மன்பிரட் ஐகன் கலக்குவதையே கைவிட்டார். சமநிலையில் உள்ள கரைசலை வெப்பத்தாலோ மின்புலத்தாலோ திடீரென்று குலுக்கி, அது திரும்பச் சமநிலைக்கு வருகிற நேரத்தை அளந்தார். தூய நீரில் அந்தத் தளர்வு நேரம் 36 மைக்ரோ செக்கன் அளவில் வரும். மேலே சொன்ன 1.4 × 10^11 அங்கிருந்து வந்தது. 1967இல் நோரிஷ், போர்ட்டர் இருவருடனும் அவருக்கு நோபல் பரிசு.

அடுத்த தவணைக்கு இரும்பு (III) அயனையும் தயோசயனேற்றையும் விட்டுப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். இரத்தச் சிவப்பு வரும், பார்வைக்கு நன்றாக இருக்கும். லீற்றருக்கு 0.1 மோல் அளவில் அந்தத் தாக்கத்துக்குப் பத்துக்கணக்கான மில்லி செக்கன் வேண்டும். ஒரு மில்லிமீற்றர் அகல வாய்க்காலில் பரவல் அதை மூடி மறைத்துவிடும். மறைக்காமல் இருக்க வாய்க்கால் பத்து இருபது மைக்ரோமீற்றருக்கு இறங்கவேண்டும். பிளேட்டால் அது முடியாது. லேசரால் அக்கிரிலிக் வெட்டுகிற விளம்பரப் பலகைக் கடைகளில் எவ்வளவு மெல்லியதாக வெட்டித் தருவார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.